நோட்டீஸில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப்புறக் கலைஞர்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு மேடைக்கென்று ஒரு பெயரும், இல்லாத ஒரு பின்னணியும் வைத்துக்கொள்வது ரசிகரை ஏமாற்றும் வேலை என்ற தொனியில் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ரசிகருக்கு இதில் காசு நட்டம் ஒன்றும் கிடையாது. நட்டப்படுவது அந்தப் பெயரைச் சுமக்கிறவர்தான், அதுவும் பணம் வாங்கும் இடத்தில்.

பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி, புஷ்பவனம் குப்புசாமி என்று ஊரோடு சேர்ந்த பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முனியம்மாவும் கருப்பாயியும் குப்புசாமியும் வட்டாரத்துக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். முன்னால் ஊர் வந்தால்தான் ஆள் இன்னார் என்று விளங்கும். ஊர்த் திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் அவசியம். அங்கே நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பிடிப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ஆகவே நோட்டீஸில் படத்துக்குக் கீழே இருக்கும் பார்ட்டும் ஊரும் பெயரும்தான் அவருடைய முழு முதலீடு.

கரகம் ஆடும் பெண்கள் வேறு பெயரில் ஆடுவதற்குக் காரணம் வேறு. நோட்டீஸ் டீக்கடையில் ஒட்டப்படும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டப்படும். ஆட்டக் குழுவை நடத்தும் செட்டுக்காரர் போன் நம்பரும் அதிலேயே இருக்கும். அகால நேரத்தில் வருகிற அழைப்புகளை மேடைப் பெயரோடு நிறுத்தி, வீட்டுப் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

கண்டிக்க வேண்டுமென்றால் பட்டங்களைக் கண்டிக்கலாம். மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுப்படி பிரிக்கப்பட்டவை: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை வளர்மணி, 36 முதல் 50 வரை சுடர்மணி, 51 முதல் 65 வரை நன்மணி, அதற்கு மேல் முதுமணி. இருபத்தைந்து வயதுக்காரர் படத்துக்குக் கீழே 'கலை முதுமணி' என்று அச்சாகியிருந்தால் அது அச்சகத்தார் கொடுத்த விருது. அதேபோல, வேஷத்துக்கு ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துக்கொள்வதும் தவறு. குறவன் குறத்தி ஆட்டத்தை அரசு 2023-இல் தடை செய்துவிட்டது. செட்டுகள் ராஜா ராணி என்று மாற்றிக்கொண்டாலும், பழைய டிசைனையே கம்ப்யூட்டரில் திறந்து தேதியை மட்டும் மாற்றினால் தடை செய்த பெயர் மறுபடி அச்சாகிவிடும். புரூஃப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இனி பணத்துக்கு வருவோம். விழாக் குழு நோட்டீஸைப் பார்த்துத்தான் காசோலை எழுதும். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'கணக்கில் மட்டும்' என்று எழுதிவிட்டால், அந்தப் பெயரில் கணக்கு இருந்தால்தான் பணம் ஏறும். பாஸ்புக்கில் இயற்பெயர். காசோலை திரும்பி வரும்போது விழா முடிந்து, குழுவும் கலைந்திருக்கும். சிங்கப்பூர், மலேசியா நிகழ்ச்சிகளிலும் இதே சிக்கல். அழைப்புக் கடிதம் மேடைப் பெயரில் வரும், பாஸ்போர்ட் இயற்பெயரில் இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வேறு பெயர் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை 'இல்லை' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கெல்லாம் அரசிதழில் பெயர் மாற்றத் தேவையில்லை. நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாகப் போடும் '(எ)', அதாவது 'என்கிற', போதும். ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே இயற்பெயர், (எ), மேடைப் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று எழுதுங்கள். அடியில் 'தொகை இயற்பெயரில் உள்ள கணக்கிலேயே செலுத்தப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். ரசீதிலும் அதே (எ) வர வேண்டும். கலைஞர் நலவாரிய விண்ணப்பத்தில் பெயர் எழுதும் கட்டத்திலும் அப்படியே எழுதுவது நல்லது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி, படம் போட்ட பழைய நோட்டீஸ் மூன்று நான்கை அதனுடன் இணைத்து வையுங்கள். ஒரே நோட்டீஸ் போதாது. வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு ஊர் என்று இருந்தால்தான் பெயர் தொடர்ந்து புழங்கியதற்குச் சாட்சி.

ஒலிப்பதிவுகளில் பிசகு இன்னும் பெரிது. வழிவழியாக வந்த தாலாட்டோ ஒப்பாரியோ யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைப் பாடிய குரலுக்கு உரிமை உண்டு. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு. 2024 ஆடியில் பாடியது 2074 முடியும் வரை. பாடியவர் இன்னார் என்று குறிப்பிடச் சொல்லும் உரிமையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் 38பி பிரிவாக வந்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவருக்கு அதைவிடக் கூர்மையான கணக்கு ஒன்று உண்டு. புனைபெயரில் வெளியான படைப்புக்கு, அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுதான் காப்பு. அந்தக் காலத்துக்குள் ஆள் யாரென்று வெளிப்படுத்தினால், அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. முப்பது வயதில் 2025-இல் பாட்டு வெளியிட்டு எண்பது வயது வரை வாழ்கிறவர் என்றால் முதல் கணக்கில் 2085, இரண்டாவதில் 2135. வித்தியாசம் பேரப்பிள்ளைகளுக்கு.

பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைக்கிறவருக்கும் உரிமைத் தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தில் சேரும்போது எல்லாப் பெயர்களையும் கொடுக்க வேண்டும். பாட்டுக்கு உரிமை உள்ளவர்களைப் பதியும் உலக அளவிலான ஐ.பி.ஐ. பதிவேட்டில் ஒருவருக்கு அடிப்படை எண் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் தனியாக 11 இலக்க எண் கொடுத்து அந்த ஒன்றோடு கட்டிவைப்பார்கள். கொடுக்காத பெயருக்கு வரும் தொகை ஆள் தெரியாத கணக்கில் தங்கும். ஆங்கில எழுத்தில் கருப்பாயி என்பதை ஒரு 'பி' போட்டும் எழுதலாம், இரண்டு போட்டும் எழுதலாம், 'ஏ'யை ஒற்றையாகவும் இரட்டையாகவும் போடலாம். அதுவே நான்கு கலைஞர்கள். ஒலிப்பதிவுக் கூடத்துப் பையன் அவசரத்தில் தட்டுவதை விடாமல், ஒரே எழுத்துக்கோவையைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டுப்புறக் கலைஞர் மறைந்த செய்தியில், குடும்பத்தார் சம்மதித்தால், மேடைப் பெயரோடு இயற்பெயரையும் (எ) போட்டு வெளியிடுங்கள். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயரும் கேசட் உறையில் இன்னொரு பெயருமாக அலைகிறவர்களுக்கு அந்தக் கத்தரிப்பும் ஓர் ஆவணம்.

இப்படிக்கு,
கிராமியக் கலை நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தம் எழுதுபவர்,
திண்டுக்கல்.