தலை கீழே, கால் மேலே

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு எல்லாம் வழக்கம்போலத்தான். காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தால் வெளியே வெயிலா மழையா என்பதே தெரிவதில்லை.

அண்ணனுக்கு ப்ரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனை ரோபோ வைத்துச் செய்யப்போகிறார்கள், மிஷின் பாதியில் மக்கர் பண்ணினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாய். எல்லோரும் கேட்பதுதான். மயக்க மருந்து கொடுக்கிற எனக்கு ரோபோவை விட டேபிளின் சாய்வுதான் பெரிய விஷயம்.

ஆளைப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தை 25, 30 டிகிரி வரை இறக்கிவிடுவோம். சில இடங்களில் 45 கூட உண்டு. குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்து இடுப்புக் குழி காலியாகும்; சர்ஜனுக்கு வேலை அங்கேதான். 19-ஆம் நூற்றாண்டில் ஃப்ரீட்ரிஷ் ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் சர்ஜன் பரப்பிய முறை, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இதோடு வயிற்றுக்குள் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி உப்பவைப்பார்கள். வாயு ஏறும்போதே சிலருக்கு நாடி சட்டென்று இறங்கும். மானிட்டரின் பீப் சத்தம் தளர்வதைக் காது கண்டுபிடித்துவிடும். நாடியை ஏற்றும் அட்ரோபின் மருந்தை முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்துக் கையருகில் வைத்திருப்பேன்.

நீ சிரசாசனம் போடுகிறவன், உனக்கு இது புதிதல்ல. ஆனால் நீ விழித்திருக்கிறாய், சில நிமிஷத்தில் இறங்கிவிடுவாய். இங்கே ஆள் மயக்கத்தில், மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். காலில் இருந்த ரத்தம் நெஞ்சுக்கு வந்து சேரும். இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் அழுத்தம் இரண்டு, மூன்று மடங்காகும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும். பலவீனமான இதயம் என்றால் திணறும்.

இனி நீ பள்ளிக்கூடத்தில் நடத்திய பாடம். பாதரசம் ரத்தத்தைவிடச் சுமார் 13 மடங்கு கனம். அதனால் இதயத்துக்கு மேலே ஒவ்வொரு 13 மி.மீ. உயரத்துக்கும் ரத்த அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் குறையும். கணுக்கால் இதயத்தைவிட அரை மீட்டர் உயர்ந்திருந்தால் எவ்வளவு? கிட்டத்தட்ட 38. கையில் கட்டிய பி.பி. பட்டை சராசரி 80 என்று காட்டும், நமக்குத் திருப்தி. கணுக்காலில் அது 42தான். காலை ஏந்தியிருக்கும் தாங்கியும் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தால், மணிக்கணக்கில் ரத்தம் போதாமல் தசை வீங்கி, அதன் உறைக்குள்ளேயே நெரிபடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வரலாம். அபூர்வம்தான், வந்தால் காலையே கெடுத்துவிடும். அதனால்தான் ஆபரேஷன் நீளும்போதெல்லாம் ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று சர்ஜனை நச்சரித்துக்கொண்டிருப்பேன்.

அப்படியானால் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போகுமே, நல்லதுதானே என்பாய். போகிற அழுத்தம் கூடுவது போலவே, திரும்பி வரும் சிரையிலும் கூடுகிறதே! வடிகால் அடைபட்ட மாதிரிதான். முகம், கண் இமை, நாக்கு, தொண்டை எல்லாம் வீங்கும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறும்; 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 13 மி.மீ. கூடியிருந்தது. கண்ணின் இயல்பான அழுத்தமே 10 முதல் 21 வரைதான். வீக்கத்துக்குப் பயந்து சலைனையும் அளந்துதான் விடுவோம்.

சரி, உன் ரோபோவுக்கு வருகிறேன். அதன் கைகள் வயிற்றில் போட்ட துளைகள் வழியே உள்ளே நிற்கும்போது டேபிளை இஷ்டத்துக்கு நிமிர்த்த முடியாது, வயிறு கிழிந்துவிடும். பி.பி. என்ன ஆனாலும் முதலில் கைகளைக் கழற்ற வேண்டும். இதயம் நின்றால் சட்டென்று கழற்றுவதை நாங்கள் ஒத்திகை பார்த்தே வைத்திருக்கிறோம். டேபிளும் ரோபோவும் சேர்ந்து அசையும் புது ஏற்பாடு வந்திருக்கிறது, ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. மிஷின் நின்றுபோனால் கையால் முடித்துக்கொள்ளலாம், அதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

முடிந்ததும் மெல்ல மெல்லத்தான் நிமிர்த்துவோம். ரத்தம் காலுக்கு ஓட, பி.பி. சரியும். தொண்டை வீக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல், மூச்சுக்காகத் தொண்டை வழியே விட்ட குழாயை எடுப்பதில்லை. வெளியே வரும்போது அண்ணன் முகம் உப்பிச் சிவந்திருந்தால் அண்ணியைப் பயப்பட வேண்டாம் என்று சொல். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் பெரும்பாலும் ஒரு நாளில் வடிந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். அண்ணன் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறார் என்று முன்பு எழுதியிருந்தாய். அது க்ளாகோமாவுக்கா, அதாவது கண் அழுத்த நோய்க்கா என்று விசாரி. ஆமாம் என்றால், மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல், கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வரட்டும். இதயத்துக்கு எடுத்த பழைய எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்து வை. தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
ராகவன்