இவரிடம் படித்து என்ன ஆகப்போகிறாய்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாளா! அவளை என்ன படிக்க வைப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே நாங்கள் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தும் நன்றாகத் தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தில் பிளேட்டோவை மறுபடி எடுத்துவிட்டேன்.

உன் வீட்டில் நடக்கும் பேச்சு அப்படியே அவருடைய 'புரோட்டகோரஸ்' உரையாடலில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கட்டணம் வாங்கிக் கற்பித்த சோஃபிஸ்டுகளில் பெரும் புகழ் பெற்றவர் புரோட்டகோரஸ். அவர் ஏதென்ஸுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட ஹிப்போக்ரட்டீஸ் என்ற இளைஞன் (புகழ்பெற்ற மருத்துவர் இல்லை, இவன் வேறு) பொழுது விடியும் முன்பே வந்து சாக்ரட்டீஸின் கதவைத் தடியால் தட்டுகிறான். என் பணம், நண்பர்கள் பணம் எதுவானாலும் கொடுக்கிறேன், அவரிடம் என்னைச் சேர்த்துவிடுங்கள் என்கிறான்.

இருவரும் முற்றத்தில் உலவுகிறார்கள். மருத்துவரிடம் பணம் கட்டிப் படித்தால் மருத்துவன் ஆவாய், சிற்பியிடம் போனால் சிற்பி ஆவாய், இவரிடம் போனால் என்ன ஆவாய் என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். சோஃபிஸ்ட் ஆவேன் என்று சொல்லும்போது பையனின் முகம் வெட்கத்தால் சிவந்துவிடுகிறது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்ததால் அது தெரிந்தது என்கிறார் சாக்ரட்டீஸ். எழுத்தும் யாழும் மல்யுத்தமும் நீ தொழிலுக்காகவா கற்றாய், ஒரு குடிமகனுக்குத் தகுந்த கல்வி என்றுதானே கற்றாய், இதையும் அப்படி நினைக்கிறாயா என்று அவரே கேட்டு உதவுகிறார். அதற்குப் பிறகு சொல்வதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சந்தையில் வாங்கும் உணவைப் பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். கல்வியைக் கொண்டுபோக அப்படித் தனிப் பாத்திரம் கிடையாது. வாங்கும்போதே அது ஆன்மாவுக்குள் போய்விடுகிறது. நன்மையோ கெடுதலோ அப்போதே நடந்துவிடுகிறது.

சரி, நல்ல கல்வி எது? 'குடியரசு' ஏழாம் புத்தகத்தில் பிளேட்டோ பதில் சொல்கிறார். குருட்டுக் கண்ணுக்குள் பார்வையை வைப்பது இல்லை கல்வி. பார்வை ஏற்கெனவே இருக்கிறது, முழு ஆன்மாவையும் சரியான திசைக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர் கேட்கும் காலத்தைப் பார். சிறுவயதில் இசையும் உடற்பயிற்சியும், விளையாட்டுப்போல எண்ணும் வடிவியலும். கட்டாயப்படுத்திக் கற்பித்தது மனதில் தங்காது என்று தெளிவாகவே எழுதுகிறார். நாட்டை ஆள்வதற்கெனத் தேர்ந்தெடுத்தவர்கள் 20 வயது முதல் 30 வரை, துண்டு துண்டாகக் கற்ற கணிதத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். தர்க்க விசாரணை 30க்குப் பிறகு, 5 ஆண்டு. அப்புறம் 15 ஆண்டு பொதுப்பணி. இளம் வயதில் தர்க்கம் கிடைத்தால் பிறரை மடக்குவதற்கே பயன்படுத்துவார்கள், கடைசியில் எதிலும் நம்பிக்கை இல்லாமல் போகும் என்று அவருக்கு அச்சம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' எட்டாம் புத்தகத்தில் ஓவியக் கல்வி பற்றிச் சில வரிகள் வருகின்றன. பொருள் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஓவியம் உதவும், ஆனால் அதற்காக மட்டும் கற்கக் கூடாது, உடல்களின் அழகைக் காணும் கண் வர வேண்டும் என்கிறார். எங்கும் பயனையே தேடுவது பெருமனம் உள்ளவர்களுக்குத் தகாது என்பது அவர் கருத்து. ஓய்வை நல்ல முறையில் கழிக்கத் தெரிவதே அவருக்குக் கல்வியின் பெரிய பலன்.

இதைப் படிக்கும்போது மகிழ்ச்சியும் கோபமும் சேர்ந்தே வந்தன. அந்த ஓய்வு அடிமைகளின் உழைப்பில் கிடைத்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போனவனே பெரும்பாலும் அடிமைதான். அடிமைமுறை இயற்கையானது என்று வாதிட்ட அரிஸ்டாட்டிலை இந்த விஷயத்தில் என்னால் மன்னிக்க முடியாது. பிளேட்டோ ஒரு இடத்திலாவது தன் காலத்தைத் தாண்டினார். நாட்டைக் காத்து ஆளும் காவலர் வகுப்பில் பெண்களுக்கும் ஆண்களுக்குரிய அதே கல்வி என்றார். ஆளத் தகுந்தவர்களை அருமையாகச் செதுக்கிவிட்டீர்கள் என்று 'குடியரசு' உரையாடலில் சாக்ரட்டீஸோடு பேசும் கிளாவ்கோன் பாராட்டும்போது, ஆளும் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று சாக்ரட்டீஸ் நினைவூட்டுகிறார்.

பொறியியலா வணிகவியலா என்பதில் நான் தலையிட மாட்டேன். நல்ல வேலை அவளுக்கு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படிப்பில் சேர்ந்தால் எப்படிப்பட்ட ஆளாக ஆவோம் என்று அவள் நினைக்கிறாள், அதை மட்டும் யாராவது அவளிடமே கேளுங்கள். ஏழாம் புத்தகத்தை நகலெடுத்துத் தபாலில் அனுப்புகிறேன், அவளே படிக்கட்டும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்