உறுதியும் இடாப்பும்

ஹட்டன்,
2025 ஜூன் 1, ஞாயிறு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல், வேறொன்றும் இல்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பேரனின் சைக்கிள் கதைக்குப் போய்விடுவேன். அதனால்தான் கடிதம்.

பேரனை முதலாம் தரத்தில் சேர்க்க நீ கேட்ட சத்தியக்கடதாசியைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு பாக்கி இருக்கிறது. சித்திரை வருஷப்பிறப்புக்கு வந்தபோது மருமகன் ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாப் புள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே சீருடை, ஒரே பரீட்சை. படிக்கிற புள்ள எங்க இருந்தாலும் படிக்கும் மாமா. உங்களையும் உங்க மகளையும் விட வேற சாட்சி வேணுமா?" பண்டிகை நாளில் சாப்பாட்டு மேசையில் வைத்து என்ன தர்க்கம் என்று சிரித்துவிட்டு எழுந்துபோனேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் கோபமில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாரே, அதுதான் உறுத்தியது.

அவர் சொன்னதில் பாதி சரி. 1980இலிருந்து இலவசப் பாடநூல், 1993இலிருந்து சீருடைத் துணி. கொழும்பில் பெரிய கேட் போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே பாடநூலைத்தான் திறக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் படித்த காலத்தில் அதுவும் இல்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று சரித்திரத்தில் நானே படிப்பித்திருக்கிறேன். ஆனால் அது மலையேறி நம்மிடம் வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1977இல்தான். அதற்கு முன் பள்ளிக்கூடமும் தோட்டத்தை நடத்தும் துரையின் சொத்து, மாஸ்டரும் துரையின் ஆள். நான் படித்தது அப்படி ஒன்றில். ஐந்தாம் வகுப்போடு கதவு மூடிவிடும். அதற்கு மேல் நான் படித்ததற்குக் காரணம், என் மாமா ஒருவர் டவுனில் சில்லறைக்கடை வைத்திருந்தார், இரவில் மூட்டைகளுக்கு நடுவே படுக்க இடம் கொடுத்தார். படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும் என்பதற்கு நான் சாட்சியில்லை. மாமாவுக்குக் கடை இருந்தால் படிக்கும் என்பதற்கு வேண்டுமானால் சாட்சி.

புத்தகம் ஒன்றாக இருந்தாலும் அதைத் திறந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மருமகன் கணக்கில் கெட்டிக்காரர், அவரிடம் இந்தக் கணக்கைச் சொல். அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குச் செலவழிக்கும் காசில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். காசு கட்டுக்கட்டாக வருவதில்லை, ஆளாக வருகிறது. பட்டம் பெற்று இருபது வருட அனுபவமுள்ள ஆசிரியர் எந்தப் பள்ளிக்கூடத்தில் நிற்கிறாரோ, அங்கே அரசாங்கம் அவ்வளவு காசு போடுகிறது. மலை மேலே அதிகஷ்டப் பிரதேசம் என்று பெயர் வாங்கிய இடத்துக்கு வருவது முதல் நியமனக்காரர். வந்த நாளிலிருந்து இடமாற்றப் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அவரையும் குற்றம் சொல்ல வராது. கடைசி பஸ் போய்விட்டால் தங்க ஒரு காம்பரா கிடையாது. கொஞ்சம் பழகி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் வாயில் வந்ததும் மாற்றம் வந்துவிடும். கீழே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுபவசாலி ஆகிப் போவார். பழக்கிக் கொடுக்கிற வேலை எங்களுடையது, பலன் கீழே.

நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள். கல்வி அமைச்சு நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் தேசிய பாடசாலைகள் அதில் 400 அளவில்தான், மற்றதெல்லாம் மாகாணத்தின் தலையில். அதற்குள்ளும் வகை உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் இருப்பது 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சி, பதினோராம் தரத்தோடு நிற்பது இரண்டாம் வகை, சின்ன வகுப்புகள் மட்டும் மூன்றாம் வகை. நான் படிப்பித்த எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகை. உனக்கு அந்த மண்டபம் ஞாபகம் இருக்கும். தடுப்புச் சுவர் இல்லாமல் ஐந்து வகுப்பு. நான் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும்போது மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். போகப்போக அது நல்லதுதான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது, ஒரே தொண்டையில் இரண்டு வகுப்பு முடிந்ததே!

ஒரு வருடம் விஞ்ஞான உபகரணம் என்று ஒரு பெட்டி வந்தது. பூதக்கண்ணாடி, காந்தம், சோதனைக் குழாய். இருப்புப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டதும், உடைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று மூத்தவர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருடம் திறக்கவில்லை. ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சம் கிடைத்தால் அதைக் காவல் காக்கத்தான் தெரிகிறது. இது என் முட்டாள்தனம், யாரையும் சொல்லவில்லை.

டவுன் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் கொழும்பிலும் லண்டனிலும் இருப்பார்கள். ஒரு கூட்டம் போட்டால் கூரை மாறும், கம்பியூட்டர் வரும். எங்கள் பழைய மாணவர்கள் கொழுந்து மலையில் இருந்தார்கள். கூரைத் தகரம் பறந்துபோன வருடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் என்ன முடிவெடுத்தோம் தெரியுமா? வீட்டுக்கு ஒரு பேர். ஒரு நாள் சம்பளம். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த சனம் அது. அந்தக் காலத்தில்தான் கொரோனாவால் பள்ளிக்கூடம் சூமுக்குப் போனது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறின. ஒரு போனைச் சுற்றி நாலு பேர், மேலே ஒரு குடை.

மாவட்டக் கோட்டாவைப் பற்றி மருமகன் சலித்துக்கொண்டதும் என் காதில் விழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு 40 வீதம் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. நீ பேராதனைக்குப் போனதும் அந்தக் கதவால்தான், அவரிடம் சொல்லியிருக்கிறாயா? ஆனால் அந்தக் கோட்டா மாவட்டத்தைத்தான் பார்க்கிறது, பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாம் வகைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க இரண்டு பள்ளிக்கூடமாவது மாறிப் போகவேண்டும். போய்ச் சேருவதற்குள் பஸ் காசும் வீட்டுக் கஷ்டமும் பாதிப் பேரை இறக்கிவிடும். ஒரே மாவட்டத்துக்குள் டவுன்காரர் பிள்ளையும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான். உன்னையும் நான் டவுன் வரிசையில் இருந்துதான் அனுப்பினேன்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததற்கு வருகிறேன்.

1998 கடைசித் தவணை முடிய உன்னை நான் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தேன். நீ மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வருடம் இருந்தது. அதிபர் இல்லாத பள்ளிக்கூடம், பதில் கடமை நான்தான். உன் விடுகைப் பத்திரத்தை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே முத்திரை குத்தினேன். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதினேன்.

அடுத்த தவணையில் கிளாக்கர் வந்தார். பிறகு மருந்துக் காம்பராக்காரர், பிறகு கடைக்காரர். "மாஸ்டரே தன் புள்ளய வெளிய கொண்டுபோயிட்டாரு, அவருக்குத் தெரியாததா?" என்று லயத்துக்கு லயம் பேச்சு. அந்த வருடத்தில் மட்டும் ஏழு விடுகைப் பத்திரம் எழுதினேன். போனது ஏழு பிள்ளைகள் மட்டும் இல்லை மகள். வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போய் மேசையைத் தட்டிக் கேட்கக் கூடிய ஏழு அப்பாமாரும் போனார்கள். சிங்களத்தில் மனு எழுதத் தெரிந்தது அதில் இரண்டு பேருக்குத்தான். பிள்ளைகளின் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறையும், அது கணக்கு. இரண்டு வருடத்தில் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொண்டார்கள். நான் மனு அனுப்பினேன். 'மாணவர் எண்ணிக்கை போதாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த எண்ணிக்கையைக் குறைத்து எழுத ஆரம்பித்த பேனா என்னுடையது என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

திரும்ப அந்த இடத்தில் நிறுத்தினால் என்ன செய்வேன் என்று கேட்பாய். உன்னை எடுத்திருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நீ இப்போது ஓடுகிற ஓட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை.

நீ அனுப்பிய சுற்றுநிருபத்தைக் கண்ணாடி போட்டு முழுதாக வாசித்தேன். முதலாம் தரத்துக்கு அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25, அங்கே ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரருக்கு 15, மீதி அமைச்சுக்காரர், இடமாற்றம் பெற்றவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு. நாலில் ஒரு பங்கு, அப்பன் அந்த வாசலால் போயிருந்தால்தான் மகனுக்கு. பரம்பரைக் காணிக்குக் கூட இப்படிப் பாதை வைப்பதில்லை. மருமகன் படித்தது வேறு பள்ளிக்கூடம், நீ ஹட்டனில். அந்தக் கட்டத்தில் நமக்கு எழுத ஒன்றுமில்லை. ஆக, அருகில் வசிப்போர். அதற்கு என்ன கேட்கிறார்கள்? வீட்டு உறுதிப் பத்திரம், வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பு. சொந்த உறுதி என்றால் புள்ளி கூட, வாடகை என்றால் குறைவு. உன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் வேறு அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டு. அந்த நடுவிலுள்ள பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இல்லையா, ஆசிரியர்கள் இல்லையா என்று நீ ஒருதடவையாவது எட்டிப் பார்த்தாயா? கேட்கத்தான் கேட்கிறேன்.

உறுதி, இடாப்பு. இந்த இரண்டையும் வாசித்ததும் உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருடம் வாக்கும் போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு தேர்தலிலும் விரலில் மை வைத்துக்கொண்டதில்லை. பிறந்ததும் செத்ததும் லயத்துக் காம்பராவில், அதில் ஒரு ஆணி அடிக்கவும் துரையைக் கேட்கவேண்டும். நம் சனத்திடம் இல்லாமல் போன அந்த இரண்டு கடதாசியையும் உன் பெயரில் கையில் வைத்துக்கொண்டு நீ வரிசையில் நிற்கிறாய். அம்மாவிடம் சொன்னேன், அவள் அழுதுவிட்டாள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கடதாசி இல்லாதவன் பிள்ளையை எந்த வரிசையில் நிறுத்துவான் என்று பிறகு ஒரு யோசனை வருகிறது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

நேர்முகப் பரீட்சையில் மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் எல்லாவற்றின் மூலப் பிரதியையும் கொண்டு போ. எவராவது அனுமதிக்காக நன்கொடை என்று வாயைத் திறந்தால் பற்றுச்சீட்டு கேள், பாதிப் பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். இடம் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு இருக்கிறது, உடைந்து போகாதே. கிடைத்தால் சந்தோஷம். ஆனால் மருமகன் சொன்ன அந்த வசனத்தை மட்டும் பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டாம் என்று அவரிடம் நான் கேட்டதாகச் சொல். தாத்தா படித்துத்தான் மேலே வந்தார் என்று சொல்லும்போது கடைக்கார மாமாவையும் சேர்த்துச் சொல்லட்டும். ஏழு பத்திரக் கதையை அவனுக்கு எப்போது சொல்வது என்று நீயே முடிவு செய்.

சத்தியக்கடதாசி விஷயம். உன் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்து ஆபீசில் எழுதிய பெயர் ஒரு மாதிரி, வீட்டு உறுதியில் வேறு மாதிரி. உன் தாத்தா பெயரை மூன்று கடதாசியில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள், உனக்கு இரண்டுதான், முன்னேற்றம். புதன்கிழமை டவுனில் சமாதான நீதவானைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். அன்றைக்கே பதிவுத் தபாலில் சேர்ப்பேன். கிடைத்ததும் ஒரு கோல் எடு.

அம்மா உனக்குக் கொஞ்சம் தேயிலைத் தூள் கட்டி வைத்திருக்கிறாள். பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா