பெயர் வெட்டாத பாத்திரங்கள்

அன்புள்ள பங்கு மக்களுக்கும், பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தாருக்கும், களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் நல்ல மனசுக்காரர்களுக்கும்,

என் வீட்டுக்காரர் போய் ஏழு மாதம் ஆகிறது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததுமே எழுதியிருக்க வேண்டிய மடல். அப்போது கை ஓடவில்லை. வருகிற நவம்பர் 2 அவருக்கு முதல் கல்லறைத் திருநாள். அதற்குள் எழுதிவிடு என்று மூத்தவள்தான் பேனாவைக் கையில் திணித்தாள்.

முதல் நன்றி எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டித் தந்தவர்களுக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர் ஒரே நாளில் படுத்துவிட்டார். நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டும் இரண்டு பேர் தங்கள் மரத்தை முடித்துவிட்டு எங்கள் மரத்துக்கும் வந்தார்கள். ஆவணியில் தொடங்கி இலை உதிரும் வரை வந்தார்கள். ஷீட் அடித்து, புகை போட்டு, விற்று, சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் காசைக்கூட எண்ணிக் கையில் வைத்தார்கள். கூலியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "கட்டன் சாயா இருக்கா அக்கா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். தம்பிமாரே, பெயர் போட்டால் சண்டைக்கு வருவீர்கள். விட்டுவிட்டேன்.

அடுத்தது திருவனந்தபுரத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகள். முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று சொல்லியே மூன்று மாதம் ஓட்டிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அது வேறு கதை. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. இரவு டூட்டி பார்த்த அந்தக் கோட்டயத்துப் பிள்ளை, சீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிவிட்டு, "பேடிக்கண்டா சேச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். பயப்படாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் தினமும் அதைக் கேட்கக் காத்திருந்தேன்.

இனி விசுவாசம் பற்றி. "உனக்கு நல்ல விசுவாசம், அதுதான் தாங்கிச்சு" என்று பலர் சொல்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அடக்கத்துக்குப் பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. "அருள் நிறைந்த மரியே" பாதியிலேயே நின்றுவிடும். சாயங்காலம் அன்பியத்து அக்காமார் வந்து ஜெபமாலை சொல்வார்கள், நான் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என் வீட்டில் இருந்த விசுவாசம் உங்களுடையது, என்னுடையது அல்ல.

ஆறுதல் என்று வந்து, "கடவுள் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி, கொஞ்சம் குறைவாக.

கோவிலில் வேதம் சொல்லித்தரும் எங்கள் உபதேசியார் தாத்தா ஒன்றுமே சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்து, எழுந்து போவார், மறுநாளும் வருவார். பிறகொருநாள் நட்டாலத்துப் புனிதர் கதையைப் பேச்சுவாக்கில் எடுத்தார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை நானும் அவரும் டிவியில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் அல்லவா! ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவர் பெயர் நீலகண்டப் பிள்ளை. அவர் வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்குச் சொன்னது, வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் கதையை. 1745இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றதற்கு வழி அங்கேதான் தொடங்கியது. "அந்த யோபுவைப் பார்க்க வந்த கூட்டாளிகள் ஏழு ராத்திரி, ஏழு பகல் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க. வாயைத் திறந்த பிறகுதான் வம்பு" என்று தாத்தா சிரித்தார். அவர் ஏன் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

88ஆம் திருப்பாடலைக் காட்டியதும் அவர்தான். புலம்பலில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு அல்லேலூயாகூட இல்லை. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. சரி, அப்படியென்றால் நானும் கேட்கலாம் என்று அன்றிரவு ஆண்டவரிடம் நன்றாகச் சண்டை போட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அதுதான் என் முதல் ஜெபம். இப்போது ஜெபமாலை முழுதாகச் சொல்ல வருகிறது, சில நாள் தவிர.

கடைசியாக ஒரு விஷயம். அந்த நாட்களில் கஞ்சியும் பயறும், மரச்சீனியும் மீன்குழம்பும் கொண்டுவந்தவர்களின் பாத்திரங்கள் இன்னும் என் அடுக்களையில் இருக்கின்றன. மூன்று தூக்கு, மூடி நெளிந்த ஒரு சில்வர் டப்பா, ஒரு மண்சட்டி. எதிலும் பெயர் வெட்டவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன்.