மின்சாரத்தைத் தெருத் தெருவாகத் திருப்பிக் கொடுங்கள்: நகராட்சி மின்துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன வாரம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில், எங்கள் தெருக்களில், இரண்டு மணி நேர லோட்-ஷெட்டிங் (அட்டவணைப்படியான மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்தது. சில நிமிடங்களில் மறுபடி போனது. பிறகு வந்தபோது விடிந்திருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும். மற்ற நாளில் ஒரு தெருவின் கீசர்கள் மாறி மாறித்தான் ஓடும். மின்வெட்டுக்குப் பிறகோ எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் ஆறிக் கிடக்கும். கரண்ட் வந்த நொடியில் நூறு வீட்டுக் கீசர்கள் தலைக்கு 3 கிலோவாட் இழுத்தால் 300 கிலோவாட். 315 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் அதிலேயே நிரம்பிவிடும். அதற்குமேல் அடுப்பு, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜ். பிரேக்கர் ட்ரிப் ஆகத்தானே செய்யும்? சுமையைக் குறைக்காமல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் பழைய கேபிள் இணைப்பு வெந்துபோகும். அப்புறம் தெருவைத் தோண்ட வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை நம்பி மூச்சு விடும் முதியவர்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அது சீக்கிரம் கெடும். ஆக, ஒரு பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். உங்கள் அட்டவணையை நம்பிய குடும்பங்கள் கடன் வாங்கி இரண்டு பேட்டரி வைத்திருக்கின்றன. அது மூன்று மணி நேரம். நான்காவது மணியில் அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? அட்டவணையில் இல்லாத இருட்டுக்கு எந்த ஏழை வீடும் பேட்டரி வாங்க முடியாது.

வெட்டே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. லோட்-ஷெட்டிங்கில் ஆறாம் கட்டம் என்றால் நாடு முழுவதும் 6,000 மெகாவாட் சுமையைக் குறைத்தாக வேண்டும் என்பது புரிகிறது. இருப்பது குறைவு என்றால் பகிர்ந்துகொள்ளத் தயார். ஆனால் 2007-க்குள் மின்சாரம் போதாமல் போகும் என்று தென்னாப்பிரிக்க அரசின் 1998 எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கையே எச்சரித்தது. கையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தும் வீணாகின. அந்த வீணடிப்பின் சுமையை இன்று மூச்சு வாங்கும் பாட்டி சுமக்கிறாள். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. அந்தத் தவறு உங்களுடையது அல்ல என்பதும் தெரியும்.

உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறோம். மின்சாரத்தைத் தெருத் தெருவாகத் திருப்பிக் கொடுங்கள். வெட்டு முடியும் முன்பே தெருக்களுக்குப் போகும் கிளை ஃபீடர்களைத் துண்டித்து வைத்து, சுமை இறங்குவதைப் பார்த்து ஒவ்வொன்றாக இணையுங்கள். கடைசித் தெருவுக்கு அரை மணி பிந்தினாலும் பரவாயில்லை. பல நகராட்சிகளில் இருப்பதுபோல் கீசருக்கு ரிப்பிள் ரிலே (மின்கம்பி வழியே வரும் சிக்னலால் கீசரைத் தூரத்திலிருந்தே அணைக்கும் சுவிட்ச்) பொருத்துங்கள்; பழுதானவற்றை மாற்றுங்கள். இயந்திரத்தால் உயிர் வாழ்பவர்களின் வீடுகளைப் பதிவுசெய்து, அந்தத் தெருவின் பிரேக்கரை முதலில் போய்ப் பாருங்கள்.

எங்கள் பங்காக, வெட்டு தொடங்குமுன் வீட்டு டிபி போர்டில் (மின் விநியோகப் பலகையில்) கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, கரண்ட் வந்து ஒரு மணி நேரம் கழித்தே போடும்படி வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். கோயிலிலும் அறிவிக்கிறோம்.

அடுத்த வெட்டுக்கு முன்பே தெருத் தெருவாகத் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
குவாசுலு-நேட்டால் தமிழ்க் குடியிருப்பாளர்கள்