வண்ண டேப் ஒட்டினால் பலம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

கபடி, வாலிபால் போட்டிப் படங்களில் வீரர்களின் முழங்காலிலும் தோளிலும் நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் டேப் ஒட்டியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970-களில் உருவாக்கிய கினிசியோ டேப் அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் ஒட்டி ஆடிய பிறகு உலகமெங்கும் பரவியது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் காலுக்குப் பலம் வரும் என்று நம்பி ஒட்டிக்கொள்கிறார்கள். வராது.

ஹாங்காங்கில் நடந்த ஒரு சோதனையில், தசையை அளக்கும் கருவி என்று பொய் சொல்லி, கண்ணைக் கட்டி, தொடையில் டேப் ஒட்டினார்கள். முறைப்படி ஒட்டியபோதும், ஒப்புக்கு ஒட்டியபோதும், ஒட்டாதபோதும் முழங்காலை நீட்டும் விசையில் வேறுபாடே இல்லை. தசை தொடங்கும் இடத்திலிருந்து ஒட்டினால் ஊக்கும், முடியும் இடத்திலிருந்து ஒட்டினால் தளர்த்தும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் திசைக் கணக்கும் ஆய்வுகளில் தேறவில்லை. டேப் பிடித்திருப்பது தோலை மட்டுமே. அடியில் கொழுப்பும் சவ்வும் தாண்டித்தான் தசை இருக்கிறது.

வலி விஷயம் கொஞ்சம் வேறு. தோலில் ஏற்படும் இழுப்புணர்வால் சிலருக்குச் சிறிது காலம் வலி குறையலாம். ஆனால் பிரேசிலில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 148 பேரிடம் 2014-இல் வெளியான ஆய்வில், இழுத்து ஒட்டியவர்களுக்கும் இழுக்காமல் ஒட்டியவர்களுக்கும் ஒரே பலன்தான். இழுத்து ஒட்டும் டேப் தோலைத் தூக்கிச் சுருக்கம் விழவைப்பதே வலிக்கு மருந்து என்று டேப்பை ஆதரிப்பவர்கள் தரும் விளக்கம் அதோடு அடிபட்டுப்போகிறது.

இருந்தும் ஒட்டத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக ஒட்டட்டும். தேங்காய் எண்ணெயோ தைலமோ தடவிய தோலில் பசை பிடிக்காது. சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அடர்ந்த முடியைக் கத்தரிக்கலாம். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டாவிட்டால் ஜெர்சி உரசி உரிந்துவிடும். இரு முனைகளிலும் ஐந்து செ.மீ. அளவுக்கு இழுப்பே கூடாது. கொப்புளம் வருவது பெரும்பாலும் முனையை இழுத்து ஒட்டுவதால்தான். '50 சதவீத இழுப்பு' என்பதிலும் பலர் தவறுகிறார்கள். 10 செ.மீ. துண்டு அதிகபட்சம் 15 செ.மீ. வரை நீளுமானால், பாதி இழுப்பு என்பது 12.5 செ.மீ. தானே தவிர 15 அல்ல. தாளோடு ஒட்டி வரும்போதே அதில் சுமார் 10 சதவீத இழுப்பு இருக்கிறது. ஒட்டியதும் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றினால்தான் பசை பிடிக்கும். இதை ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது வெடுக்கென்று பிய்க்காமல், எண்ணெய் தடவி, தோலை அழுத்திக்கொண்டு முடி சாயும் பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். புண், தோல் தொற்று, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி உள்ள இடத்தில் ஒட்டவே கூடாது.

எங்கள் கவலையெல்லாம் கணுக்கால் பிசகிய பையனுக்கு இந்த டேப்பை ஒட்டி அடுத்த பாதிக்கு இறக்கிவிடுவதுதான். இழுபடும் துணி, கால் உள்பக்கம் மடங்குவதைத் தடுக்காது. ஏற்கெனவே பிசகிய காலுக்கு உதவுவது நீளாத வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப், அல்லது கயிறு கட்டி இறுக்கும் கணுக்கால் உறை (பிரேஸ்). வெள்ளை டேப்பும் ஆடத் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் தளரும். இடைவேளையில் பார்த்து மாற்றிக் கட்ட வேண்டும். மறுபடி பிசகாமல் இருக்க ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சி சில வாரங்கள் அவசியம்.

அடிபட்டவுடன் நான்கு காலடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பு முட்டின் பின்விளிம்பில், கீழிருந்து ஆறு செ.மீ.க்குள் எலும்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் எந்த டேப்பையும் கையில் எடுக்கக் கூடாது. போட்டி நடத்துவோர் மைதான முதலுதவிப் பெட்டியின் மூடியில் இந்த இரண்டையும் எழுதி ஒட்டலாம்.

– விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்டுகள், திருச்சி