புது வீட்டுக்கு வாங்க வேண்டாதவை

யாங்கோன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மருமகளும் சிங்கப்பூரில் ஈஷூன் வீட்டுக்குக் குடி போனதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டை ஆரம்பத்திலிருந்தே சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்தப்போகிறோம் என்று எழுதி, வாங்கப்போகிற சாமான்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்டிரா, கண்ணாடி ஜாடி ஒரு டஜன், சாப்பாட்டுக் கழிவை உரமாக்குகிற கரண்டு மெஷின். எண்ணம் நல்லதுதான். ஆனால் குப்பையைக் குறைக்க முதல் வேலையாகக் கடைக்குப் போவானேன்? காபிப் பொடி, ஊறுகாய் எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில்தானே வருகிறது. கழுவி வைத்தால் ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும்.

நான் பார்த்தவரைக்கும் ஒரு பழக்கம் வீட்டில் நிற்க வேண்டுமானால் அது அன்றைக்கே கொஞ்சம் காசையோ வேலையையோ மிச்சம் பிடித்துத் தர வேண்டும். கொள்கைக்காக மட்டும் ஆரம்பிக்கிறது தீபாவளி வரைக்கும் தாங்காது. உன் ஆச்சிக்குச் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே தெரியாது. அவர் வீட்டில் குப்பைக்கூடை என்று தனியாக ஒன்று இருந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

இங்கே எங்களைப் பழக்கியது கரண்டுதான். பர்மாவில் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைத் தண்ணீரிலிருந்து வருகிறது. பங்குனி, சித்திரையில் அணை இறங்கினால் கரண்டும் இறங்கிவிடும். இப்போது வருஷம் பூராவுமே தட்டுப்பாடு. ரைஸ் குக்கரில் வெந்தும் வேகாமலும் சோறு நின்றுபோனால் கரி அடுப்பை மூட்டாமல் வேறு வழியில்லை. கரி எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும். ஐராவதி முகத்துவாரத்தில் எத்தனையோ அலையாத்திக் காடு இந்த யாங்கோன் அடுப்புகளுக்காகத்தான் வெட்டுப்பட்டது. 2008 மே மாதம் நார்கிஸ் புயல் வந்தபோது அந்தப் பக்கத்தில் கடலைத் தடுத்து நிறுத்த மரம் போதவில்லை. நீ அப்போது சின்னப் பையன், கூரைத் தகரம் பறந்தது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு லட்சத்துக்கும் மேலே ஜனங்கள் போனார்கள். அதற்குப் பிறகு கரி மூட்டையைப் பார்த்தாலே எனக்கு மனசு ஒப்புவதில்லை. ஆனால் மனசு ஒப்பாததால் நான் கரியைக் குறைக்கவில்லை, விலை ஏறியதால் குறைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எப்படிக் குறைத்தேன் என்று மருமகளுக்குச் சொல். காஸ் அடுப்புக்கும் இதே கணக்குதான். பருப்பை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். மறுநாள் கனமான பாத்திரத்தில், முக்கால் பாத்திரத்துக்குக் குறையாமல் தண்ணீரும் பருப்புமாக வைத்து, நன்றாகத் தளதளவென்று கால் மணி நேரம் கொதிக்கவிட்டு இறக்கிவிட வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. பழைய கம்பளியில் இறுக்கிச் சுற்றிக் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு தலையணையைப் போட்டு அழுத்திவிட்டால், அடுப்பே இல்லாமல் இரண்டு மணி நேரத்தில் பருப்பு மசிந்திருக்கும். அப்புறம் ஒரு கொதி விட்டுத் தாளித்தால் போதும். பாத்திரத்தில் கொஞ்சமாக வைத்தால் சூடு நிற்காது, சரியாக வராது. வெதுவெதுப்பிலேயே நாள் பூராவும் விட்டுவிட்டாலும் கெட்டுப்போகும். இதில் எனக்குப் பிடித்தது, அந்த இரண்டு மணி நேரம் அடுப்பைக் காவல் காக்க வேண்டியதில்லை. நான் பாட்டுக்குப் படுத்துவிடுகிறேன்.

உங்கள் ஊரில் மின்சாரம் அநேகமாக எல்லாமே வெளிநாட்டிலிருந்து வாங்குகிற இயற்கை எரிவாயுவில் எடுப்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்கிறார்கள். அதனால் அங்கே உன் கரி மூட்டை ஏர்கான்தான். ஸ்டீல் ஸ்டிரா வாங்கிவிட்டு ராத்திரி முழுக்கப் பதினெட்டு டிகிரியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதில் என்ன இருக்கிறது? இருபத்தைந்தில் வைத்துக் காற்றாடியையும் போட்டுப் பார். பில் வரும்போது நீயே எனக்குப் போன் பண்ணுவாய்.

அந்த உர மெஷினைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். இங்கே 2018 ஏப்ரலில் லைந்தாயா பக்கம் டெய்ன்பின் குப்பைமேடு பற்றி எரிந்ததே, இரண்டு வாரத்துக்கும் மேலே புகை அடங்கவில்லை. குப்பை மேட்டில் சோறும் காய்கறியும் காற்றில்லாமல் புதைந்து மக்கினால் மீத்தேன் வாயு உண்டாகும், அது தீப்பிடித்தால் மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போய்ச் சேராது. ஆகவே இங்கே காய்கறித் தோலைக் குப்பையில் போடாமல் வாழை மரத்தடியில் புதைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கதை வேறு. அங்கே குப்பையை எரிக்கிறார்கள், பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் சாம்பலைப் படகில் கொண்டுபோய் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். நாட்டுக்கே அந்த ஒரு இடம்தான், 2035 வாக்கில் அதுவும் நிறைந்துவிடும் என்கிறார்கள். ஒன்பதாம் மாடியில் கரண்டு செலவழித்து உரம் பண்ணி அதை எந்த மண்ணில் போடுவாய்? கீழே சமூகத் தோட்டம் இருந்தால் தோலையும் சக்கையையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பார். இல்லையென்றால் அளந்து சமையுங்கள். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி போதும். நீ சின்ன வயதிலேயே சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை, அதனால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் எங்களைப் பார்த்துச் செய்யாதே. இங்கே வைகாசி தொடங்கி ஐப்பசி வரைக்கும் மழை கொட்டுகிறது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறோம், முதல் மழையை மட்டும் அழுக்கோடு ஓடவிட்டுவிடுவோம். குடிக்கிறதற்குப் பக்கத்துத் துவாந்தே ஊர் மண்பானை. உங்களுக்கு அடுக்குமாடியில் அதெல்லாம் நடக்காது, வாளியில் தேக்கி வைத்தால் டெங்குக் கொசுதான் வரும், அபராதமும் போடுவார்கள். பூந்தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டைக்கூட விடமாட்டார்களாமே. அரிசி கழுவின தண்ணீரை அன்றன்றைக்கே செடிக்கு ஊற்று, அது போதும். அங்கே ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டர் செலவாகிறதாம். அதில் பெரிய பங்கு குளியலறையில்தான் போகிறது. நீ ஷவருக்கு அடியில் நின்று பாட்டுப் பாடுகிற ஆள் என்று எனக்குத் தெரியும், மருமகளுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

பழைய பேப்பர், பாட்டில் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தனியாக வை. இங்கே தெருவில் கூவிக்கொண்டு வருகிற அம்மாவிடம் போட்டால் கையில் காசு கிடைக்கும், அதனாலேயே இங்கே எந்த வீட்டிலும் பாட்டில் வீணாகாது. அங்கே பழைய சாமான் வாங்குகிற காராங்கூனிக்காரர் வந்தால் கொடு. மறுசுழற்சிக்கு வைத்திருக்கிற நீலத் தொட்டியில் போடுவதானால் குழம்பு ஒட்டின டப்பாவைப் போடாதே, கூட இருக்கிற நல்ல காகிதமும் கெட்டுப்போகும்.

சூப்பர் மார்க்கெட்டில் 2023 ஜூலையிலிருந்து பைக்கு ஐந்து காசு வாங்குகிறார்கள் என்று சொன்னாயே. ஐந்து காசுக்காக யாரும் பையைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று அப்பா சிரிக்கிறார். நான் போவார்கள் என்கிறேன். எங்களுக்குள் அது தீரவில்லை, உங்கள் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுது.

அடுத்த வாரம் மாமா மகன் அங்கே வருகிறான். பழைய லுங்கிகளில் தைத்த பை நாலும், பட்டையில் பின்னிய சந்தைக் கூடை ஒன்றும், இரண்டு கிலோ உளுந்தும் கொடுத்து அனுப்புகிறேன். உளுந்து அங்கே கிடைக்காதா என்று கேட்காதே. அங்கே விற்கிறதிலும் பாதி இங்கே விளைந்ததாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்கிறார், இருந்தாலும் நான் பொறுக்கிப் புடைத்தது கிடைக்காது. கம்பளி அனுப்பவில்லை, நீ போகும்போது எடுத்துப்போன பச்சைக் கம்பளி அங்கே சும்மாதானே கிடக்கும். அதையே பருப்புப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அம்மா